மனுவில் வராத நான்கு வரிகள்

கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில், ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு சர்பத் கடைக்கும் நடுவே, கதவு ஒழுங்காகச் சாத்தாத ஓர் அறையில் பதினாறு வருஷம் உட்கார்ந்து டைப் அடித்தேன். எழுபத்தொன்றில் தொடங்கியது. வீடு செல்லூரில். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் மெஷின் சத்தம் எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மனு எழுத வருகிற ஜனங்களின் பேச்சுதான் தலைவலி. பட்டா மாற்ற வந்தவர் தன் பாட்டனார் கிணறு வெட்டியதிலிருந்து ஆரம்பிப்பார். "அதெல்லாம் வேணாம்ணே, சர்வே நம்பரச் சொல்லுங்க" என்பேன். ரேஷன் கார்டுக்கு வந்தவள் மாமியார் கொடுமையைச் சொல்வாள். "மாமியார் பேரு கார்டுல இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டைப்பக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவன் இந்தச் சந்தில் கிடையாது என்று சைக்கிள் கடைக்காரர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

என்னிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்களின் எழுத்தை முதலில் அதை வைத்துக்கொண்டுதான் படிப்பேன். மனு என்றால் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். எந்த விதியின் கீழ் கேட்கிறார்களோ அந்த விதிக்குள் அவர்கள் வாழ்க்கை அடங்க வேண்டும். அடங்காததை வெட்டுவேன். நான் அடித்த மனு திரும்பி வராது என்று ஒரு பேர் இருந்தது, அதில் எனக்குத் திமிரும் இருந்தது. கார்பன் நகலோடு அவர்கள் கொண்டுவந்த கைப்பிரதியையும் குண்டூசி குத்தி ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைப்பேன். நாளைக்கு யாரும் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சண்டை போடக்கூடாது இல்லையா.

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரைத் தாளில் எழுதுவது சின்ன வேலை இல்லை என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

சுதந்திரம் வாங்கி இருபத்தைந்து வருஷம் ஆனதையொட்டித் தியாகிகளுக்குப் பென்ஷனும் தாமிரப் பட்டயமும் என்று அரசாங்கம் அறிவித்த சமயம். வில்லாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. முழுக்கை வெள்ளைச் சட்டை, மடித்த குடை, சர்க்கரை போடாத டீ. மலாயாவில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அப்படியொரு கையெழுத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, திருத்த மனசே வராது.

பதினெட்டு வயதில் கப்பலேறியது, அங்கே போலீசில் சேர்ந்தது, சப் இன்ஸ்பெக்டர் ஆனது, ஜப்பான்காரன் வந்தபிறகும் அதே ஸ்டேஷனில் அதே வேலையில் இருந்தது, யுத்தம் முடிய ஏழெட்டு மாதம் இருக்கும்போது இந்தியர்களின் விடுதலைப் படையில் சேர்ந்து முகாமுக்குப் போனது, பிறகு ஊர் திரும்பியது. எல்லாம் வரிசையாக இருந்தது. நடுவில் நான்கு வரிகள். ஜப்பானிய அதிகாரியின் உத்தரவுப்படி, தன் ஸ்டேஷனுக்கு உட்பட்ட ரப்பர் தோட்டங்களின் கூலியாட்களில் பட்டியல் தயாரித்து, மலாயாவுக்கு வடக்கே சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பி வைத்ததாக எழுதியிருந்தார். தோட்டத்தின் பெயர், ஸ்டேஷன் பெயர் எல்லாம் இருந்தது.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"நடந்ததும்மா."

"நடந்தத எல்லாம் எழுதுனா பென்ஷன் வராது சார். ஜப்பான்காரன்கிட்ட போலீஸ்ல இருந்தேன்னு எழுதுனீங்கன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நாப்பத்து மூணுலயே படையில சேந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம்."

அவர் குடைக் கைப்பிடியைத் தடவினார். "அப்படி எழுதலாமா?" என்று கேட்டார். "கடைசியில சேந்தது உண்மைதானே சார், கொஞ்சம் முன்னால சேத்துக்கிறோம், அம்புட்டுத்தான்" என்றேன். நான்கு வரிகளையும் சிவப்புப் பென்சிலால் ஒரே இழுப்பில் அடித்தேன். சயாம் ரயில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. என் மாமா ஒருவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். அந்த மாதிரி ஏதோ வேலை, ஆளை அனுப்பியிருக்கிறார், அதைப்போய் இவ்வளவு விலாவாரியாக எழுதியிருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பென்ஷன் வந்தது, பட்டயமும் வந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு, சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு என் அறைக்கு வந்து ஒரு பொட்டலம் லட்டு கொடுத்துவிட்டுப் போவார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பெரியாஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்திருந்தது அவர்தான். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் என் தம்பிக்கு வேலை கிடைத்தது அவர் எழுதிக்கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தில். தியாகி கையெழுத்து என்றால் அன்றைக்கு மதிப்பு. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இத்தனைக்கும் பிறகு இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை.

ஐந்தாறு வருஷம் போனது. ஓர் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த காலை. செக்கானூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். காட்டு வேலை செய்து காய்ந்த உடம்பு. ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் அகலமான குங்குமம், கழுத்தில் மஞ்சள் தேய்த்துத் தேய்த்துக் கனத்துப்போன தாலிக் கயிறு.

"தாயி, கவர்மெண்டுக்கு ஒரு கடுதாசி எழுதணும்."

"என்ன விசயமா?"

"எங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னு கேட்டு."

புருஷன் ஓடிப்போன கேஸ் வாரத்துக்கு இரண்டு வரும். தாளை மெஷினில் செருகிக்கொண்டே, எப்போது போனார் என்று கேட்டேன்.

"ஜப்பான்காரன் காலத்துல."

கையை எடுத்துவிட்டேன். அந்த அம்மா சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டேன். என் தொழிலில் அது முதல் தடவை.

கல்யாணம் ஆனதும் புருஷனோடு மலாயாவுக்குப் போயிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் ஒரு வருஷம்தான் சேர்ந்து இருந்தது. ஒருநாள் எல்லோரையும் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொன்னார்கள். மேஜை போட்டு ஒரு தமிழ்ப் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜப்பான்காரன் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"அவன் வாயில எங்க பேரு நொழையுமா தாயி? நம்மாளு, நம்ம பேச்சுல பேரு வாசிச்சதாலதான எல்லாரும் வாரேன் அய்யா, வாரேன் அய்யான்னு முன்னால போயி நின்னாக. மூணு மாசம் வேலை, சாமான் செட்டு ஒண்ணும் வேணாம்னாரு. நான் அழுதேன். அழுகாத, நான் பொறுப்புன்னாரு."

லாரியில் ஏற்றினார்கள். யுத்தம் முடிந்து வேறு தோட்டத்து ஆட்கள் சிலர் சயாம் ரயில் பாதையிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவர் காலையும் பிடித்துக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கப்பல் விட்டதும் புருஷனுடைய ஊருக்கே வந்து, கொழுந்தன் வீட்டில் இருந்துகொண்டார். கொழுந்தன் மகளைத் தூக்கி வளர்த்தார். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். அங்கேதான் வந்தது சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் இடிக்கும்போது முதல் உலக்கையை, புருஷன் உயிரோடு இருக்கிற ஒரு கட்டுக்கழுத்தி போட வேண்டும். பெரியம்மாதான் போட வேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி எழுந்து, "அந்தப் பொம்பள கட்டுக்கழுத்தியா, அறுத்தவளா, அத மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். சபையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

"செத்துட்டாருன்னாலும் சொல்லட்டும் தாயி. அறுத்துப் போட்டுட்டு ஓரமா ஒக்காந்துக்கிறேன். எம் பிள்ளைக்கு என்னால ஒரு கொறை வந்துரக் கூடாது. அமாவாசைக்கு ஊரே செத்தவுகளுக்குப் படைக்குது. நான் படைக்கிறதில்ல. உசுரோட இருக்கிற மனுசனுக்குப் படைச்சுட்டா? படைக்காம விட்டு, செத்த மனுசன் பசியோட நின்னுக்கிட்டு இருந்தா? முப்பத்தஞ்சு வருசமா எதுன்னே தெரியாம கஞ்சி குடிக்கிறேன். எதுனாச்சும் ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னார். ஊரைச் சொன்னார். நான் ஏற்கெனவே எங்கோ படித்த பெயர். அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டுத் தகரப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்தத் தோட்டத்தின் பெயர் தெளிவாகப் படிக்கும்படியாக இருந்தது. பெட்டியை மூடாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சர்பத் கடைக்காரர் வந்து, காய்ச்சலா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வில்லாபுரத்துக்குப் போனேன். அவர் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். முன்னறையில் பட்டயம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் எப்போதும்போல, "வாம்மா மகளே" என்றார். நான் உட்காராமல் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இத இன்னுமா வச்சிருக்க?"

அந்த அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருப்பேன்.

"எத்தனை பேருன்னு ஜப்பான்காரன் சொல்லுவான். யாருன்னு நான் எழுதணும். தோட்டத்து ஆளுக நம்மாளுக. யாரு எவருன்னு எனக்குத்தானே தெரியும்."

"எப்படி சார் பொறுக்கினீங்க?"

"பிள்ளைகுட்டி இருக்கிறவனை விட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, ஏதோ புண்ணியம் செய்ததுபோல. "புதுசாக் கல்யாணம் ஆனவன், தனியாள், கங்காணிக்குப் பிடிக்காதவன், இவங்களைத்தான் எழுதுனேன்."

"மாட்டேன்னு சொல்லியிருந்தா? தலைய வெட்டியிருப்பானா?"

அவர் வெளியே பார்த்தார். தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான்.

"பக்கத்து ஸ்டேஷன்ல ஒருத்தர் முடியாதுன்னு சொன்னாரும்மா. அவரை வேற ஊருக்கு மாத்துனாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மாத்துனாங்க."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். அந்தத் தோட்டத்திலிருந்து நூற்றுக்கு மேல் போனதில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினானாம். நேரே ஸ்டேஷனுக்கு வந்து, காலரா கொட்டகையில் யார் யார் செத்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லியிருக்கிறான். இவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த அம்மாவின் புருஷன் பெயரும் அதில் இருந்தது. போன நான்காவது மாதமே செத்துவிட்டார். சொன்னவனும் அந்த வாரமே செத்துப்போனான்.

"எழுதுனத அந்தப் பொம்பளைங்ககிட்டப் போயிச் சொல்றதுக்கு என்ன சார்?"

"சொல்லணும்னுதான் எழுதுனேன். அதுக்குள்ள படை முகாமுக்குப் போயிட்டேன், யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டான். ஜப்பான்காரன்கூட வேலை பாத்தவங்களைப் பிடிக்க ஆரம்பிச்சான். நோட்டை எரிச்சிட்டேன்."

ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"நான் எழுதினா, அந்த வருஷம் உனக்கு அது எப்படித் தெரியும், நீ எங்க இருந்தன்னு கேப்பாங்க. உன் பேப்பர்ல நான் படையில இருக்கேன்மா."

என் பேப்பர். கொடுத்தவர் அவர், அடித்தவள் நான்.  கடைசியில், கையெழுத்து வேண்டாம், புதன்கிழமை வந்து அந்த அம்மாவிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாரேன்" என்றார். நான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். "ஏக்கா, உனக்கெதுக்கு இந்த வேல? அவரு மாட்டுனா என் வேலையும் போகும், பொய்யா அடிச்சுக் குடுத்த நீயும் உள்ள போவ" என்றான். "வாய மூடுறா" என்று கத்தினேன். ஆனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

புதன்கிழமை அந்த அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து, கடை திறக்கும் முன்னால் வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். இவர் மலாயாவில் அந்தப் பக்கம் இருந்தவர் என்று மட்டும்தான் நான் சொன்னேன். அந்த அம்மா எழுந்து நின்றார். அவர் முகத்தையே பார்த்தார்.

"அய்யா, நீங்கதான?"

அவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. நடந்ததோ வேறு. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். முகம் அப்படி மலர்ந்தது.

"பொறுப்புன்னு சொன்னீகளே அய்யா. மறக்காம வந்துட்டீகளே. எங்க இருக்காரு அவரு?"

பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தக் குங்குமத்தைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், உதடு பிரிந்தது.

"சயாம்ல நம்மாளுக நெறையப் பேரு அங்கயே தங்கிட்டாங்கம்மா. நெலம், வீடுன்னு ஆயிப்போச்சு. திரும்பி வர வழியில்லாமக் கெடக்கிறாங்க. உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருப்பாரு."

"உசுரோடவா அய்யா?"

"இருப்பாரும்மா."

இதற்கு நடுவில் நான் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பொய் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. முதலில் என் கண்முன் வந்தது கப்பலூருக்குச் சைக்கிளில் போகிற என் தம்பி. இரண்டாவது, என் பெயர். மூன்றாவதாகத்தான் அந்த அம்மா.

அந்த அம்மா குனிந்து அவர் காலைத் தொட வந்தார். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, சந்து முனையில் பிடித்தேன்.

"என்ன சார் பண்ணிட்டீங்க!"

"அந்த நெத்திக் குங்குமத்தப் பாத்ததும் சொல்ல வரலம்மா."

"நூறு பேரு பேர வாசிக்கும்போது மட்டும் வந்துச்சோ?" என்று கேட்டுவிட்டேன். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அதற்குப்பின் அவர் என் அறைக்கு வரவே இல்லை. ஆகஸ்ட் பதினைந்துக்கு லட்டு மட்டும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். நான் அதைச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

தை பிறப்பதற்குள் செக்கானூரணிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். கார்த்திகை முழுக்க அப்படி இருந்தேன். மார்கழி முழுக்கவும் இருந்தேன். ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை போய், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் இறங்கிவிட்டேன். 

மாசியில் அந்த அம்மா வெற்றிலை பாக்கு, தேங்காயோடு வந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். மலாயாவிலிருந்து வந்த போலீஸ் அய்யாவே சொல்லிவிட்டார் என்றதும் மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லையாம்.

"மொத ஒலக்கை நான்தான் போட்டேன் தாயி. மஞ்சச் சேலை கட்டி, பூ வச்சு. எல்லாப் பொம்பளைகளும் சுத்தி நின்னு கொலவை போட்டாளுக."

நான் என்ன செய்ய? இனிமேல் சொல்லவும் முடியாது. சொன்னால், கல்யாணப் பெண்ணுக்கு முதல் உலக்கை போட்டது தாலியறுத்த கை என்று ஆகும். அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும், பிள்ளைப்பேற்றில் ஒரு சிக்கல் வந்தாலும், தன்னால்தான் என்று அந்த அம்மா தூக்கில் தொங்கிவிடுவார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கழுத்தைப் பற்றிய கவலையும் இல்லை. ஆனால் நம்பிக்கை என்னுடையதா, அந்த அம்மாவுடையது. அந்த உலக்கை விழுந்த அன்றோடு என் வாய் கட்டிப்போய்விட்டது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் சர்பத் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. ஐரோப்பாவில் ஒரு நாட்டில், யுத்த காலத்தில் ஜெர்மன்காரர்கள் கேட்டபடி யூதர்களைப் பட்டியல் போட்டு, பிடித்து ரயிலேற்றுகிற வேலையைச் செய்த உள்ளூர் அதிகாரி ஒருவர்மேல் நாற்பது வருஷம் கழித்து வழக்கு போடுகிறார்கள். அவரும் அந்த ஊரில் பெரிய மனிதராகத்தான் இருந்திருக்கிறார். கையெழுத்திட்ட பழைய தாள்கள் கிடைத்திருக்கின்றன என்று போட்டிருந்தது. செய்தியை மறுபடியும் படித்தேன். தாளை யாரும் அங்கே அடித்துத் திருத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இங்கே அந்த வேலையைச் செய்ய நான் இருந்தேன். அவராவது மனசாட்சி உறுத்தி நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தார். அந்த நான்கு வரிகளை அன்றைக்கு அப்படியே அடித்து அனுப்பியிருந்தால் பட்டயம் வந்திருக்காது, வேறொன்றும் நடந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாவுக்குக் காட்ட அரசாங்கக் கோப்பில் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

எண்பத்து நான்கில் பெரியவர் இறந்துபோனார். தாசில்தார் வந்து மாலை வைத்தார். தேசியக் கொடி போர்த்தியிருந்தார்கள். நானும் தம்பியும் போனோம். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னைத்தான் மகள் மகள்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்று அழுதார். நானும் அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் அப்போது புரிந்தது. அந்த அம்மாவின் புருஷன் செத்துவிட்டார் என்று அவர் வாயால் கேட்டவள் இனி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

இதை எழுதுவதற்குக் காரணமே அந்த அம்மாவின் மனுக்கள்தான். கல்யாணம் முடிந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் வந்தார். சயாமில் இருக்கிற புருஷனைக் கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பி வைக்கும்படி டெல்லிக்கு மனு. முதல் வருஷம், இதெல்லாம் நடக்காது என்று சொல்லித் தட்டப் பார்த்தேன். "ஒனக்கு நேரமில்லைன்னா எதுத்தாப்புல இருக்கிறவர்கிட்ட அடிச்சுக்கிறேன் தாயி" என்றார். அதற்கு நானே அடித்துவிடலாம் என்று அடித்தேன். ஒரே ஒரு தடவை டெல்லியிலிருந்து பதில் வந்தது. மனு பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று இரண்டு வரி. அதைப் பாலிதீன் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார்.

அவர் கடைசியாக வந்தது நான் அறையைக் காலி செய்த வருஷம். கண் புரை விழுந்திருந்தது. கொழுந்தன் மகளுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள், இரண்டும் நன்றாக இருந்தன. அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அடித்தேன்.

"இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் பெரியம்மா."

"வயசு அறுவத்தேழு ஆயிருக்கும். படிக்கத் தெரியாது, எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு கூட வாரவுக யாராச்சும் சொல்லி எறக்கி விடணும். அதையும் எழுது."

எழுதினேன்.

"தனியா விட்டுறாதீகன்னு எழுது. ரயில்னா அவருக்கு இப்பப் பயமா இருக்கும்ல."

அதையும் அடித்தேன். ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. மனு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தாளை உருவி, படித்துக் காட்டினேன். கைநாட்டு வைக்க மையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தபோது, அந்த அம்மா தன் விரலை என் கையில் கொடுத்துவிட்டு, மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினார்.

"நீ படிச்ச புள்ள. ஒனக்கு என்ன தாயி தோணுது? வந்துருவாரா?"

அந்த விரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினேன்.

"வந்துருவாரு பெரியம்மா" என்றேன்.